எட்டு லட்சம் ரூபாயில் முதல் கார்: புதியதா, பழையதா?

எட்டு லட்சம் ரூபாய் கையில் இருக்கும் நிலையில் புதிய சிறிய கார் வாங்குவதா, அதே பணத்தில் நான்கைந்து ஆண்டு ஓடிய சற்றுப் பெரிய கார் வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பகமான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்ல முடியுமானால் பழையதையே வாங்குங்கள்; முடியாதென்றால், விலை எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

புதிய காரில் நாம் இழக்கும் பணத்தின் பெரும்பகுதி முதல் சில ஆண்டுகளிலேயே போய்விடுகிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு வாழ்நாள் வரி 13 விழுக்காடு. எட்டு லட்ச ரூபாய்க் காருக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். காப்பீட்டுக்காக வாகன மதிப்பைக் கணக்கிடும் அட்டவணையோ ஓராண்டு முடிவதற்குள் 15 விழுக்காட்டையும், ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் 50 விழுக்காட்டையும் கழித்துவிடுகிறது. இந்த இழப்பையெல்லாம் முதல் உரிமையாளர் தாங்கிய பிறகு வாங்குவதுதான் பழைய காரில் நமக்குள்ள ஆதாயம். வங்கிக் கடனில் வாங்குவதாக இருந்தால், பழைய காருக்கு வட்டி கூடுதல் என்பதால் அந்த ஆதாயம் சற்றுக் குறையும்.

மெக்கானிக்கை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்து சில மாதங்கள் கழித்துச் சென்னையில் நான் ஒரு காருக்கு முன்பணம் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டிருந்தேன். உள்ளே நறுமணம், புதிய இருக்கை உறை, பளபளப்பான பெயின்ட், "சர்வீஸ் ரெக்கார்டெல்லாம் பக்காவா இருக்கு சார்" என்ற உறுதிமொழி, எல்லாம் இருந்தன. என்னுடன் வந்தவர் எதுவும் பேசாமல் ஓட்டுநர் இருக்கையின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். வழக்கமாக வெளியே வராத அந்தப் பகுதியில் பழுப்பு நிறத்தில் ஒரு கறை படிந்திருந்தது. பிறகு டிக்கியில் ஸ்டெப்னி டயரைத் தூக்கினார். அடியில் விரலில் ஒட்டும் அளவுக்கு மெல்லிய வண்டல். "தண்ணி குடிச்ச வண்டி சார், வாங்க போலாம்" என்றார். அப்படிப்பட்ட காரின் ஒயரிங் இணைப்புகளில் களிம்பு ஏறி, மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாகக் கோளாறு கொடுக்கும் என்பதைத் திரும்பும் வழியில் விளக்கினார்.

அடுத்து நான் வாங்கிய ஐந்தாண்டுக் காரில் கவனம் முழுவதும் ஆவணங்களின் மீது சென்றது. ஆர்.சி.யில், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழில், கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்ததால், வங்கியின் தடையில்லாச் சான்றுடன் படிவம் 35 கொடுத்து அதை நீக்கச் செய்தேன். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. உரிமை மாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டை நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகப் பழைய உரிமையாளருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் கிடைத்த தள்ளுபடி ('நோ கிளெய்ம் போனஸ்') நமக்கு வராது. புதுச்சேரிப் பதிவெண்ணுள்ள கார் மலிவாகக் கிடைத்தால், இங்கே கட்ட வேண்டிய வரியையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

பேசிய தொகையில் இருபதாயிரம் ரூபாயை நிறுத்திவைத்து, ஆர்.சி.யில் என் பெயர் ஏறிய பிறகே கொடுத்தேன். விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயருள்ளவரையே தேடி வரும் என்பதால், விற்றவருக்கும் அந்த ஏற்பாட்டில் மறுப்பு இருக்கவில்லை.