டியூப்லைட்டுக்கு உரியவர்

ஐயா,

எங்கள் வீட்டு வராந்தாவில் டியூப்லைட்டை ஒட்டி ஒரு பல்லி நெடுநாளாகக் குடியிருக்கிறது. சென்ற வாரம் அதைவிடப் பெரிய பல்லி ஒன்று சுவரேறி வந்தது. இரண்டும் வெகுநேரம் அசையாமல் எதிரெதிரே நின்றன. பிறகு சிறியது பாய்ந்து ஒரு கடி கடித்தது, பெரியது ஓடிவிட்டது. பெரியதுதான் வெல்லும் என்று மகனிடம் பந்தயம் கட்டித் தோற்றேன். இந்தச் சண்டைகளில் வெற்றியை எதுதான் தீர்மானிக்கிறது?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

பொதுவாகப் பார்த்தால் உங்கள் கணக்கில் பிழையில்லை. பல்லி, ஓணான் இனங்கள் பலவற்றிலும் உடல் பெரியதே பெரும்பாலும் வெல்கிறது. ஆனால் உருவ வேறுபாடு மிக அதிகமாக இல்லாதபோது, இடத்தில் முன்பே இருந்தது வெல்வதும் அதே அளவுக்கு வழக்கமானது. எந்த இடுக்கில் ஒளியலாம், பூச்சி எந்தப் பக்கம் வந்து மொய்க்கும் என்பதெல்லாம் குடியிருக்கும் பல்லிக்குப் பழகிப்போனவை. ஆகவே அந்த இரண்டடிச் சுவர் வந்தேறிக்கு இருப்பதைவிட அதற்கு மதிப்பு மிக்கது, அதைக் காக்க அது கூடுதலாகத் துணிகிறது.

நீங்கள் கடியைச் சண்டையாகவும் அதற்கு முந்தைய நேரத்தைக் காத்திருப்பாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத் தலைகீழாகச் சொல்வேன். அசையாமல் நின்ற அந்த நேரத்தில்தான் சண்டையின் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கும். கடிபட்டால் வென்றவருக்கும் காயம் உண்டு என்பதால், எதிரியின் வலுவை முன்கூட்டியே எடைபோட இவ்வுயிர்களுக்குப் பல வழிகள் அமைந்திருக்கின்றன.

ஏமன், சவூதி அரேபியப் பகுதிகளைச் சேர்ந்த முக்காட்டுப் பச்சோந்தியை வைத்து அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. பத்து ஆண் பச்சோந்திகளை மாற்றி மாற்றி எதிரெதிரே விட்டு, உடலின் 28 இடங்களில் நிறம் மாறுவதை அளந்தார்கள். உடலிலுள்ள பட்டைகள் எவ்வளவு பளிச்சிடுகின்றன என்பதைக் கொண்டு எது எதிரியை நோக்கி முன்னேறிச் செல்லும் என்று சொல்ல முடிந்தது. யார் வெல்வார் என்பதையோ தலையின் நிறப் பொலிவும் அது மாறும் வேகமும் காட்டின. தோற்கும் பச்சோந்தி உடலைக் கருக்கிக்கொள்கிறது, வென்றது அதை மேலும் தாக்காமல் விடுவதற்காக. பச்சோந்தி என்ற சொல்லை நாம் அரசியல்வாதிகளுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டதில் இந்த நேர்மை கண்ணில் படாமல் போய்விட்டது.

அமெரிக்காவின் ஓக்லஹோமா முதலிய பாறைப் பகுதிகளில், கழுத்தில் இரண்டு கறுப்பு வளையங்கள் கொண்ட ஓணான் இனம் ஒன்று உண்டு. அதன் ஆண் எதிரியைக் கண்டதும் வாயை அகலத் திறந்து காட்டும். வாயின் இரு கோடிகளிலும் வெண்மையாகத் தெரியும் திட்டுகள் தாடைத் தசையின் அகலத்தை அப்படியே காட்டிக்கொடுக்கின்றன. தசை பெரிதானால் கடி பலமாகும். இல்லாத தசையை இருப்பதாகக் காட்ட வழியில்லை. இவ்வினத்தில் உடல் அளவைவிடக் கடியின் பலமே ஆணின் இனப்பெருக்க வெற்றியோடு நெருங்கிய தொடர்புடையது என்பதும் தெரியவந்துள்ளது. உங்கள் பெரிய பல்லி உடலில் மட்டும் பெரியதாக இருந்திருக்கலாம்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அதன் வால் முழுதாக இருந்ததா? மேற்கு அமெரிக்காவில் வாழும் சிறிய ஓணான் இனம் ஒன்றின் குஞ்சுகள் வாலை இழந்ததும் தம்மிடையே இருந்த மேல்நிலையையும் இழந்தன என்று 1982இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. நம் வீட்டுப் பல்லியின் பிறவி வாலில் சிறு முட்கள் வளையம் வளையமாக இருக்கும். அறுந்து முளைத்த வால் முட்களின்றி வழவழப்பாக இருக்கும். அடுத்த முறை அது சுவரேறி வந்தால், பந்தயம் கட்டும் முன் வாலைப் பாருங்கள்.