பதினாலு பேர் நடுவில் தனியாக: துறவறப் பயிற்சியில் இருப்பவர்களின் கேள்விகள்

கத்தோலிக்கத் துறவறப் பயிற்சியில் வரும் தனிமையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பதினோரு வருடம் நவதுறவியருக்கு, அதாவது வார்த்தைப்பாடு (துறவற வாக்குறுதி) எடுக்கும் முன் பயிற்சியில் இருக்கும் நாவிஸ்களுக்கு, பொறுப்பாக இருந்தவள் நான். கேட்டவர்களின் பெயர், சபை, இடம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். சில கேள்விகளைப் படித்ததும் பதில் எழுத வரவில்லை. சிற்றாலயத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துதான் எழுதினேன்.

கேள்வி: சிஸ்டர், நான் நாவிஸ். வந்து ஏழு மாதம் ஆகிறது. வீட்டில் பதினாலு பேர் இருக்கிறோம், ஒரு நிமிடம்கூடத் தனியாக இருப்பதில்லை. ஆனாலும் இவ்வளவு தனியாக நான் என்றைக்கும் இருந்ததில்லை. எனக்குக் கடவுளின் அழைத்தலே இல்லையோ?

பதில்: தங்கச்சி, தனிமையையும் அழைத்தலையும் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போடாதீர்கள். ஏழு மாதத்துக்கு முன்னால் உங்களைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்தது. நடையைப் பார்த்தே இவளுக்கு இன்றைக்கு மனசு சரியில்லை என்று கண்டுபிடிக்க ஒரு தோழி இருந்தாள். இப்போது கூட இருக்கும் பதின்மூன்று பேருக்கும் மணி அடித்ததும் எழுந்து போகிற, ஒழுங்காக நடந்துகொள்கிற உங்களை மட்டும்தான் தெரியும். விட்டுவிட்டு வந்ததற்காக மனசு துக்கம் காக்கிறது. அதற்குக் கொஞ்சம் காலம் கொடுங்கள்.

நான் நாவிஸாக இருந்தபோது பாத்திரம் கழுவும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். சுவரைப் பார்த்து நிற்கலாம், குழாயைத் திறந்துவிட்டால் அழுகிற சத்தம் யாருக்கும் கேட்காது. ஒருநாள் வயதான சிஸ்டர் ஒருவர் வந்தார். எதுவும் கேட்கவில்லை. துணியை எடுத்து, நான் கழுவி வைத்ததை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார். மறுநாளும் வந்தார். இரண்டு வாரம் கழித்துத்தான் நான் வாய் திறந்தேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார், கண்ணை வைத்துத் தேடுங்கள்.

தனித்திருப்பது வேறு, தனித்து விடப்படுவது வேறு. தனித்திருக்காமல் துறவறம் இல்லை. ஆனால் அதற்கும் ஒரு முறை உண்டு. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்கிலேயே, மடத்தில் மற்றவர்களோடு நீண்ட காலம் வாழ்ந்து தேறியவர்கள்தான் தனியே வனத்துறவுக்குப் போவார்கள் என்று இருக்கிறது. புதிதாக வந்த பிள்ளைக்கு முதலில் வேண்டியது மனிதர்கள்.

கேள்வி: குரு ஆவதற்கான பயிற்சி இல்லமான குருமடத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தனிமை தாங்கவில்லை என்று ஆன்ம குருவிடம் (ஆன்ம வாழ்வில் வழிகாட்டும் குரு) சொன்னால் அது குருமட அதிபர் காதுக்குப் போய், ரிப்போர்ட்டில் ஏறி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம். கேட்கிற எல்லாரிடமும் "நல்லா இருக்கேன் ஃபாதர்" என்றே சொல்லி வருகிறேன்.

பதில்: தம்பி, இன்றைக்கு வந்ததில் எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். பயிற்சி இல்லங்களில் தனிமைக்கு வீட்டு நினைவைவிடப் பெரிய காரணம் இந்தப் பயம் என்பது என் அனுபவம். வகுப்பெடுப்பவர், பூசை வைப்பவர், சாப்பாட்டு மேசையில் எதிரே இருப்பவர் என்று எல்லாரும் ஏதோ ஒரு வகையில் உங்களை மதிப்பிடுகிறவர்கள். வருடக் கடைசியில் சக மாணவர்களிடமே கருத்துக் கேட்கிற இல்லங்களும் உண்டு. அங்கே மனசைத் திறக்க யாருக்குத் துணிச்சல் வரும்? நல்ல முகத்தையே காட்டிக் காட்டி, அந்த முகத்துக்குப் பின்னால் இருப்பவனை ஒருவருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

திருச்சபை இதைத் தெரிந்துகொண்டுதான் வேலி போட்டிருக்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 240-ஆம் சட்டத்தைப் படியுங்கள். ஒரு மாணவரைத் திருப்பட்டத்துக்கு ஏற்பதா, குருமடத்திலிருந்து அனுப்புவதா என்று முடிவெடுக்கும்போது ஆன்ம குருவிடமும் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கும் குருவிடமும் கருத்துக் கேட்கவே கூடாது. 985-ஆம் சட்டப்படி, அதிபரும் நவதுறவியர் பொறுப்பாளரும் அதே வீட்டில் இருக்கும் மாணவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கக் கூடாது, மாணவரே தானாக விரும்பிக் கேட்டால் ஒழிய. துறவற சபைகளுக்கு 630-ஆம் சட்டம் இருக்கிறது: மனச்சான்றைத் தங்களிடம் திறந்து காட்டும்படி சபை மேலாளர்கள் யாரையும் எந்த வகையிலும் தூண்டக் கூடாது.

அதனால் ஆன்ம குருவிடம் சொல்லுங்கள். முதல் தடவையே எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. "ஃபாதர், இது உங்களோடு இருக்கட்டும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டே ஆரம்பியுங்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அவர்மேல் நம்பிக்கை வரவில்லை என்றால், ஆயர் அந்தப் பணிக்கென்று நியமித்திருக்கும் வேறு குருவிடம் போகவும் உங்களுக்குச் சுதந்திரம் உண்டு. அது 239-ஆம் சட்டம்.

வேலியைத் தாண்டுகிறவர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன். நம்பி நான் சொன்ன ஒரு விஷயம் மறுவாரமே வேறொருவர் வாயிலிருந்து எனக்குத் திரும்பி வந்தது. அப்புறம் ஒன்றரை வருடம் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அது பெரிய தவறு. பட்டவள் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: மகள் நவதுறவகத்துக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. மாதம் ஒரு தடவைதான் போன். வீட்டில் ஒரு கல்யாணம், அதற்கும் அனுப்ப முடியாது என்கிறார்கள். எங்களை ஒரேயடியாக அறுத்துவிடுகிறார்களா சிஸ்டர்?

பதில்: அம்மா, அவசரப்பட்டு அப்படி நினைக்க வேண்டாம். திருச்சபைச் சட்டப்படி நவதுறவு செல்லுபடியாக வேண்டுமானால் அந்த இல்லத்திலேயே பன்னிரண்டு மாதம் இருக்க வேண்டும். சேர்ந்தாற்போலவோ விட்டு விட்டோ மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நவதுறவே செல்லாது. பதினைந்து நாளைத் தாண்டினால் அந்த நாட்களை ஈடுகட்ட வேண்டும். பொறுப்பாளர்கள் நாள் கணக்குப் பார்ப்பது அதனால்தான். ஆனால் இரண்டு நாள் கல்யாணத்துக்கு அனுப்புவதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை, அது அந்தச் சபையின் சொந்த ஒழுங்கு. போன் எத்தனை தடவை என்பதும் அப்படித்தான். பொறுப்பாளரிடமே தயங்காமல் பேசுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறார்களா? மகள் பேசும்போது பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா? வீட்டை நினைத்தாலே அழைத்தல் குறைந்துவிட்டது என்கிறார்களா? அப்படி இருந்தால் சபையின் மேலிடத்துக்கே எழுதுங்கள்.

கேள்வி: எனக்கும் இன்னொரு நாவிஸுக்கும் நல்ல நட்பு. "தனிப்பட்ட நட்பு கூடாது" என்று எங்களை வேறு வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது யாரோடும் நெருங்கவே பயமாக இருக்கிறது.

பதில்: அந்தப் பழைய வார்த்தை எத்தனை பேரை ஊமையாக்கியிருக்கிறது! அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும். ஸ்பெயின் நாட்டுத் துறவியான அவிலா தெரேசா 1562-ல் தொடங்கிய மடம் மிகச் சிறியது. அத்தனை சின்ன வீட்டில் இரண்டு பேர் மட்டும் ஒட்டிக்கொண்டால் கோஷ்டி பிறக்கும் என்று அவர் எச்சரித்தார். அது நியாயமான எச்சரிக்கை. அதே தெரேசாதான் தினசரி ஒழுங்கில் எல்லாரும் கூடிப் பேசிச் சிரிக்கும் நேரத்தையும் வைத்தார். அவருக்கும் ஏறக்குறைய நானூறு வருடம் முன்பு, இங்கிலாந்தில் ரீவோ மடத்து அதிபராக இருந்த புனித ஏல்ரெட், துறவியருக்குள் வளரும் நட்பைப் பற்றியே தனி நூல் எழுதினார்.

நான் பிள்ளைகளிடம் ஒரு சின்ன அடையாளம் சொல்வேன். நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது மூன்றாவதாக ஒருத்தி வந்தால், அவள் உட்கார நாற்காலி நகர்கிறதா, இல்லை பேச்சு நின்றுபோகிறதா? நாற்காலி நகர்ந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. பேச்சு நின்றால் கொஞ்சம் யோசியுங்கள். பொறுப்பாளரிடமும் "எங்களிடம் என்ன பார்த்தீர்கள் சிஸ்டர்?" என்று நேராகக் கேளுங்கள். நட்பே தெரியாமல் கற்பு வார்த்தைப்பாடு எடுத்துவிட்டு, நாற்பது வயதில் ஒருவர் முதன்முதலாக அன்பாகப் பேசும்போது தடுமாறிப்போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆபத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

கேள்வி: இங்கே பயிற்சியில் இருப்பது நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் மொழியும் எனக்கு அரைகுறை. மேசையில் எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரிக்கிறேன், எதற்கென்று தெரியாமல்.

பதில்: அந்தச் சிரிப்பு என் மனசில் தைத்துவிட்டது. அவர்கள் அன்பானவர்களாகவே இருப்பார்கள். ஆனால் ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களின் கதைக்குள் புதிதாக வந்தவர் நுழைய யாராவது வாசலைத் திறந்துவிட வேண்டும். அவர்களில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாப்பாடு முடிந்ததும் "இப்போது எதற்குச் சிரித்தீர்கள்?" என்று அவரிடம் கேளுங்கள். கதை சொல்லக் கிடைத்த சந்தோஷத்தில் மொழியையும் அவரே கற்றுக்கொடுத்துவிடுவார். பல சபைகளின் நாவிஸ்கள் சேர்ந்து படிக்கும் பொது வகுப்புகள் பக்கத்தில் எங்கேயாவது நடந்தால் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம், வாரத்தில் ஒரு மணி நேரமாவது உங்களுக்குக் கனவு வருகிற மொழியிலேயே ஜெபியுங்கள்.

கேள்வி: நவதுறவு முடிந்து போன் திரும்பக் கையில் வந்தது. ராத்திரி வெகுநேரம் பழைய வாட்ஸ்அப் குழுக்களிலேயே கிடக்கிறேன். குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

பதில்: பசித்திருந்தவர் அள்ளி அள்ளிச் சாப்பிடுவது மாதிரிதான் இது, குற்ற உணர்ச்சி வேண்டாம். குழுக்களை விட்டுவிட்டு, உண்மையாகவே உங்களைத் தேடுகிற இரண்டு பேரைக் கூப்பிட்டுக் குரலில் பேசுங்கள்.

கேள்வி: மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. ஜெபித்தால் சரியாகும் என்கிறார்கள். சில ராத்திரிகளில் இல்லாமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது.

பதில்: இதைப் படித்து முடித்ததும், இன்றைக்கே, ஒரு ஆளிடம் போய் உங்கள் கடைசி வரியை அப்படியே சொல்லுங்கள். பொறுப்பாளர், சக நாவிஸ், வீட்டில் அம்மா, யாராக இருந்தாலும் சரி. ராத்திரி தனியாகப் படுக்காதீர்கள். அந்த எண்ணம் வலுத்தால் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், யார் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். இதை மருத்துவர் பார்க்க வேண்டும். ஜெபம் கூடவே இருக்கட்டும், மருத்துவத்தின் இடத்தை அது எடுத்துக்கொள்ளக் கூடாது. குருக்களின் பயிற்சிக்கு மனித உருவாக்கமே, அதாவது முதலில் நல்ல மனிதராக வளர்த்தெடுப்பதே, அடித்தளம் என்று 1992-லேயே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதிவிட்டார். உடம்பும் மனசும் அதில் அடக்கம்தானே! அந்தரங்கம் காக்கப்படும் உரிமை 220-ஆம் சட்டத்தில் எல்லாருக்கும் உண்டு, உங்களுக்கும்தான்.

கேள்வி: தற்காலிக வார்த்தைப்பாட்டுக் காலம் முடிந்ததும் வெளியே வந்துவிட்டேன். எல்லாரும் சிற்றாலயத்தில் இருந்தபோது பின்வாசலில் வண்டி ஏற்றி அனுப்பினார்கள். ஐந்து வருடம் கூட இருந்தவர்கள் ஒருவரும் பேசுவதில்லை.

பதில்: எங்களை மன்னித்துவிடுங்கள். வார்த்தைப்பாட்டுக் காலம் முடிந்தவர் போக விரும்பினால் போகலாம், அதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. பிரிந்து போகிறவர் செய்த வேலைக்காக எதையும் உரிமையாகக் கேட்க முடியாது என்று சொல்லும் 702-ஆம் சட்டமே, சபை அவரிடம் நியாயத்தோடும் நற்செய்தி அன்போடும் நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பின்வாசல் வண்டியில் அந்த அன்பு எங்கே இருந்தது?

உள்ளே இருப்பவர்களுக்கும் இது காயம்தான். காலையில் மேசையில் ஒரு தட்டு குறைந்திருக்கும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நாளைக்கு என் தட்டும் இப்படித்தான் எடுக்கப்படும் என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொள்வாள். என் பொறுப்பில் இருந்த வீட்டில், போகிறவர் சம்மதித்தால், முந்தின இரவு எல்லாரும் சேர்ந்து ஜெபித்து வழியனுப்பி வைத்தோம். அழுகை இருந்தது, ஆனால் மறுநாள் யாரும் கிசுகிசுக்கவில்லை. அவர்களில் ஒருவருக்கு நீங்களே முதலில் எழுதுங்கள். பேசாதே என்று சொல்லி வைத்திருக்கலாம். பாசம் போயிருக்காது.

கேள்வி: புதிதாகப் பயிற்சிப் பொறுப்பை ஏற்றிருக்கும் குரு நான். யார் தனித்துப் போகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஃபாதர், அழுகிற பையன் தானாகவே தெரிந்துவிடுவான். எந்தத் தொந்தரவும் தராத, எதற்கும் "சரி ஃபாதர்" என்கிற, மற்றவர்கள் பேசிச் சிரிக்கும் நேரத்தில் ஏதாவது ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிற பையனைப் பாருங்கள். மதிப்பீட்டில் நீங்கள் என்ன எழுதினாலும், மேலே அனுப்புவதற்கு முன் அவரிடமே படித்துக் காட்டுங்கள். நான் அப்படிச் செய்யத் தொடங்கிய வருடத்தில்தான் பிள்ளைகள் கூப்பிடாமலே வந்து என் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

கேள்வி: தம்பி குருமடத்தில் இருக்கிறான். கடிதம் எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவதென்றே தெரியவில்லை, அக்கா.

பதில்: "உனக்காக ஜெபிக்கிறோம்" என்பதை ஒரு வரியில் முடித்துவிட்டு வீட்டுக் கதையை எழுதுங்கள். நாய் குட்டி போட்டது, அப்பா கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடியது, அவனுடைய பழைய சைக்கிளை இப்போது யார் ஓட்டுகிறார்கள் என்பது, எல்லாம். எப்போது குருப்பட்டம் என்று மட்டும் கேட்காதீர்கள். பதில் வராவிட்டாலும் அடுத்த மாதக் கடிதத்தை எழுதிப் போடுங்கள்.