அலுமினியப் பெட்டிக்குள் வைத்தும் போனோ முன்பெருக்கி இரைவது

இசைத்தட்டுக் கருவியின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் போனோ முன்பெருக்கி, அலுமினியப் பெட்டிக்குள் வைத்தும் இரைகிறதே, பெட்டியை மாற்றவேண்டுமா என்று நுவரெலியாவிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பெட்டியை மாற்றத் தேவையில்லை. மூடிக்கும் அடித்தகட்டுக்கும் இடையே மின்தொடர்பை உண்டாக்கினால் போதும். கறுப்பு அனோடைஸ் செய்த பெட்டியின் மூடியைக் கையால் தொட்டதும் இரைச்சல் குறைவதாக எழுதியிருக்கிறீர்கள். மூடி எதனோடும் இணையாமல் தனித்து நிற்கிறது என்பதற்கு அதுவே நல்ல அறிகுறி. அனோடைஸ் பூச்சு அலுமினிய ஒட்சைட்டுப் படலம் என்பதால் மின்சாரத்தைக் கடத்தாது. ஆணிகளை எவ்வளவு இறுக்கினாலும் தொடர்பு உறுதியாகாது.

முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு, அதன் புவித்தொடுப்பு (எர்த்) முனைக்கும் மூடிக்கும் இடையிலான தடையை மல்டிமீட்டரால் அளவிடுங்கள். பூச்சின் மேல் மல்டிமீட்டரின் முனையை வைத்தால் தொடர்பு இருந்தாலும் காட்டாது என்பதால், உட்புறத்தில் ஓர் ஆணித்துளையின் விளிம்பைப் பளபளப்பான உலோகம் தெரியும்வரை சுரண்டி, அங்கே வைத்துப் பாருங்கள். ஓர் ஓமுக்கு மேல் காட்டினால், மூடியும் தகடும் பொருந்தும் இடங்களை அரத்தாளால் தேய்த்து, பல்லுள்ள வொஷர் இட்டு இறுக்குங்கள். நுவரெலியாவின் ஈரக்காற்றில் இரும்பு ஆணியும் அலுமினியமும் சேருமிடத்தில் வெள்ளைத் தூள் படியக்கூடும். இறுக்கிய பின் சிறிது வாஸ்லின் பூசுவது நல்லது.

தொடர்பு சரியான பின்னரும் இரைந்தால், நிலைமாற்றியின் (டிரான்ஸ்ஃபோமரின்) 50 ஹேர்ட்ஸ் காந்தப்புலத்தைச் சந்தேகியுங்கள். மெல்லிய அலுமினியம் அதைத் தடுக்காது. நிலைமாற்றியைத் தள்ளி வைக்கவேண்டும், அல்லது இரும்புத் தகட்டால் மறைக்கவேண்டும்.

இரைச்சலைக் குறைப்பதற்காகப் புவித்தொடுப்புக் கம்பியை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள். 230 வோல்ற் உள்ளே வரும் உலோகப் பெட்டியில் அது உயிர்காப்பு.