சீனப் புரட்சியின் கிராமத்துக் கூரியர்கள்: கேள்வி பதில்

செல்வி: 1930களில் ஷாங்காயிலிருந்து ருய்ஜின் செம்பகுதி (கம்யூனிஸ்டுகள் ஆண்ட பகுதி) வரை ஒரே ஆள்தான் கடிதம் கொண்டுபோவாரா?

இல்லை. 1930 கடைசியில் போட்ட பாதை அது. ஷாங்காயிலிருந்து கப்பலில் ஹாங்காங், ஷான்டோ. அங்கிருந்து சாவ்சோவுக்கு ரயில். பிறகு ஹான் ஆற்றில் படகேறி தாபு. சிறு படகு மாறி சிங்சி. அதற்குமேல் மலை. பகலில் பதுங்கி, இரவில் நடந்து, செம்பகுதி தொடங்கும் யோங்திங் போய், அங்கிருந்து ருய்ஜின் சேர வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் அந்தந்த ஊர் ஆள். ஹக்கா என்ற வட்டார மொழி பேசும் ஊரில் ஷாங்காய்க்காரர் வாயைத் திறந்தாலே தெரிந்துவிடும். தனக்கு முன்னும் பின்னும் உள்ள நிலையம் தவிர வேறெதுவும் கூரியருக்குத் தெரியாது.

முத்து: கஞ்சித்தண்ணீரில் ரகசியக் கடிதம் எழுதினார்களாமே, எப்படி அண்ணா?

வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, புதுத் தூரிகையால் சாதாரணக் குடும்பக் கடிதத்தின் வரிகளுக்கு இடையே எழுதி, நிழலில் காயவைப்பார்கள். பெறுபவர் அயோடின் கரைசலைத் தடவினால் எழுத்து நீலமாக வரும். கஞ்சி கெட்டியானால் காகிதம் சுருங்கும், சாய்த்துப் பிடித்தால் பளபளக்கும். மாவுப்பசை ஏற்றிய ஆலைக் காகிதம் என்றால் தாள் முழுவதுமே நீலமாகி எழுத்து காணாமல் போகும். இந்த வித்தை போலீசுக்கும் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ரவி: உப்பு கடத்தியது எப்படி?

அன்று சீனாவை ஆண்ட தேசியவாதக் கட்சியான கோமிண்டாங் போட்ட முற்றுகையில் உப்பும் மருந்தும்தான் பெரிய தட்டுப்பாடு. பஞ்சு வைத்த சட்டையைக் கெட்டி உப்புநீரில் ஊறவைத்துக் காயவைத்து அணிந்து வருவார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 350 கிராம் உப்பு கரையும். இரண்டு லிட்டர் குடிக்கும் சட்டை என்றால் அரைக் கிலோவுக்கு மேல் கிடைக்கும். வந்ததும் வெந்நீரில் அலசி, வடித்து, காய்ச்சி எடுப்பார்கள். மழை வந்தால் பாதி போச்சு. நன்றாகக் காய்ந்தாலும் ஆபத்துதான்: துணி விறைக்கும், மடிப்பில் வெள்ளை பூக்கும். கணு துளைத்த மூங்கில் காவுத்தடியிலும் அடைப்பார்கள். தட்டினால் சத்தம் மந்தமாகக் கேட்கும், அதனால் காவலர் தட்டிப் பார்க்காத வழியாகப் பார்த்துப் போக வேண்டும்.

கனி: கோழி இறகு ஒட்டிய கடிதம்?

அவசரம் என்று பொருள். வாங்கியவர் நிற்காமல் அடுத்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். ஜப்பான் எதிர்ப்புப் போர்க்கால வட சீனத்தில் இது அதிகம். சோதனைச் சாவடி உள்ள பாதைக்கு ஒத்துவராது; இறகே காட்டிக்கொடுத்துவிடும்.

அருள்: பெரும்பாலும் எதனால் பிடிபட்டார்கள் ஐயா?

சோதனையில் சிக்கியதைவிடக் காட்டிக்கொடுத்ததால்தான் அழிவு அதிகம் என்பது என் கணிப்பு. 1931 ஏப்ரலில் கம்யூனிஸ்ட் கட்சியின் ரகசியப் பிரிவுத் தலைவர் கு ஷுன்சாங் வூஹானில் பிடிபட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்தார். ஷாங்காய் அமைப்பே ஆட்டம் கண்டது. ஷான்டோவில் மின்சாமான் கடை என்ற பெயரில் தனியாக ஒரு ரகசிய நிலையம் வைத்திருந்ததன் அருமை அப்போதுதான் புரியும். அந்த டிசம்பரில் கட்சித் தலைவர்களில் ஒருவரான சூ என்லாய் இதே பாதையில்தான் ருய்ஜின் போனார். கிராமத்தில் தொல்லை வேறு. 1932 முதல் கோமிண்டாங் மீண்டும் கொண்டுவந்த பாவ்ஜியா முறையில் சுமார் பத்து வீடு ஒரு ஜியா. ஒரு வீடு தவறினால் மற்ற வீடுகளுக்கும் தண்டனை. வெளியாள் ஒரு ராத்திரி தங்கினாலே பக்கத்து வீட்டுக்காரர் பயத்தில் சொல்லிவிடுவார். அதனால் மாமியார் வீடு, சந்தை, வைத்தியர் என்று விசாரித்தாலும் நிற்கக்கூடிய காரணம் இல்லாமல் கிளம்பக்கூடாது.

செல்வி: வெளிநாட்டவரையும் இப்படிக் கடத்தினார்களா?

1933-ல் கம்யூனிஸ்டுகளின் ராணுவ ஆலோசகரான ஜெர்மானியர் ஓட்டோ பிரவுன் இந்தப் பாதையில்தான் போனார். வெள்ளைக்கார முகத்துக்கு வேஷம் போட முடியாது. ஆற்றுப் பயணத்தில் படகுக்குள் படுத்தே கிடந்தார்.