ஹைலாண்ட் மலைப்பாதைக்கு ஏற்ற கில்ட் எது?

கேள்வி: கிளாஸ்கோவில் படித்துவரும் நான், வரும் ஜூன் மாதத்தில் வெஸ்ட் ஹைலாண்ட் வே பாதையில் நடக்கவிருக்கிறேன். அவர்கள் நாட்டு ஆண்களின் மரபு உடையான கில்ட்டை, அதாவது முழங்கால் வரை வரும் மடிப்புப் பாவாடையை, அணிந்தே நடக்கலாம் என்கிறார் ஸ்காட்லாந்து நண்பர் ஒருவர். அது ஒத்துவருமா? எந்தத் துணியில் வாங்க வேண்டும்?

பதில்: தாராளமாக அணியலாம். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலாண்டின் மக்கள் கில்ட் அணிந்துதான் மலையேறினார்கள். அதன் முன்னோடியான நீண்ட கம்பளி ஆடையை இரவில் போர்வையாகவும் பயன்படுத்தினார்கள். முழங்காலுக்குத் தடையில்லாததால் ஏற்றத்தில் கால் எளிதாக எழும்பும், காற்றோட்டமும் கிடைக்கும்.

ஆனால் துணியைத் தேர்ந்தெடுக்கும்போது, அது நனைந்த பின் எப்படி இருக்கும் என்பதையே முதலில் கேளுங்கள். உங்கள் பாதை 154 கிலோமீட்டர் நீண்டு, பிரிட்டனிலேயே மழை மிகுந்த பகுதிகளில் ஒன்றான ஃபோர்ட் வில்லியமில் முடிகிறது. கோடையிலும் மழையை எதிர்பார்த்தே புறப்பட வேண்டும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பின்னும் தோலில் சில்லென்று ஒட்டாமல் ஓரளவு வெப்பத்தைக் காக்கும். பாலியெஸ்டர் கலந்த விஸ்கோஸ் கில்ட் விலை குறைவு, துவைப்பதும் எளிது. எனினும் குளிர்காற்றில் கம்பளிக்கு ஈடாகாது. பைகள் வைத்துத் தைத்த பருத்திக் கான்வாஸ் கில்ட்டுகள் கடையில் கவர்ச்சியாகத் தெரியலாம். நனைந்தால் கனத்து, மறுநாள் காலை வரையிலும் காயாத அவற்றை இந்தப் பாதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கம்பளியிலும் எடையைக் கவனியுங்கள். திருமணங்களுக்கு அணியும் 8 கஜக் கில்ட்டை 16 அவுன்ஸ் எனக் குறிக்கப்படும் தடித்த துணியில் தைத்தால் அதுவே 2 கிலோவை நெருங்கும். அதைவிட மெல்லிய 13 அவுன்ஸ் துணியில் 5 கஜக் கில்ட் ஏறத்தாழ அதில் பாதி எடைதான். காற்றில் அடங்கி நிற்கும் கனமும் அதற்கு உண்டு. கீழ்விளிம்பு முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும்படி தைக்கச் சொல்லுங்கள், ஏனெனில் நனைந்த விளிம்பு முழங்காலின் பின்புறத்தை நாள் முழுவதும் உரசினால் தோல் புண்ணாகிவிடும். தொடைகளும் உரசும் என்பதால், உள்ளே மெரினோ கம்பளியில் நீண்ட கால்களுள்ள உள்ளாடை அவசியம். கில்ட்டுக்குள் எதுவும் அணியாததே மரபு என்று யார் சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பலரும் கவனிக்கத் தவறுவது முதுகுப்பையை. அதன் இடுப்புப் பட்டை கில்ட்டின் கொக்கிகள் மேலேயே அமர்ந்து எலும்பை அழுத்தும். ஆகவே வாங்கும் முன், சுமை ஏற்றிய பையை முதுகில் மாட்டிக் கடைக்குள்ளேயே நடந்து பாருங்கள். கில்ட்டின் முன்னால் தொங்கவிடும் சிறு பையான ஸ்போரானை வீட்டிலேயே வைத்துவிடலாம்.

கேள்வி: வெறுங்காலில் பூச்சிகள் கடிக்காதா?

பதில்: கடிக்கும். ஜூன் மாதம் மிட்ஜ் என்னும் பொடிப்பூச்சிகளின் காலம். காற்று வீசினால் அவை அடங்கிவிடும், காற்றில்லாத மாலையில் பூச்சிவிரட்டி மருந்து தேவைப்படும். அவற்றைவிடக் கவலைக்குரியது, பிராக்கன் என்னும் பெரணிப் புதர்களிலும் உயரமான புல்லிலும் காத்திருக்கும் உண்ணி, ஏனெனில் அது லைம் நோயைப் பரப்பக்கூடியது. முழங்கால் வரையிலான கம்பளிக் காலுறையும் அதன்மேல் கெய்ட்டர் என்னும் கணுக்கால் உறையும் அணியுங்கள். புதர் மண்டிய இடங்களைக் கடக்க மெல்லிய மழைக் காற்சட்டை ஒன்றும் பையில் இருக்கட்டும். இரவில் முழங்காலின் பின்புறத்தையும் தொடைகளையும் தவறாமல் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால், நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக இழுத்து எடுங்கள். அடுத்த வாரங்களில் கடிவாயைச் சுற்றிச் சிவப்புத் தடிப்பு பரவினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.