கறைப் பல் வேறு, சொத்தைப் பல் வேறு

கேள்வி: என் 7 வயது மகனின் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று கறுத்துக் குழி விழுந்திருக்கிறது. இரண்டு மாதங்களுக்கு முன் கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையில் அடங்கிவிட்டது. இப்போது வலி இல்லை, ஆனால் ஈற்றில் சிறு கொப்புளம் தெரிகிறது. "நம் ஊரில் யாருக்குப் பல் வெள்ளையாக இருக்கிறது? பால் பல்தானே, விழுந்துவிடும்" என்கிறார் என் மாமியார். சொத்தைப் பல்லின் சீழ் இரத்தத்தில் கலக்கும் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு தாய், பாலக்கோடு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உண்மைதான், அடிக்கடி நிகழ்வதில்லை என்றாலும், நிகழ்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

உங்கள் மாமியார் அனுபவத்தைத்தான் பேசுகிறார். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்ததால், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் வளர்ந்த தலைமுறையில் பழுப்புக் கறைப் பற்களை வீட்டுக்கு வீடு காணலாம். ஆனால் அந்தக் கறை பெரும்பாலும் நிலைப்பற்களில், இடம் வலம் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி படிவது. ஒற்றைக் கடைவாய்ப் பல்லில் குழியும், அதன் அடியில் கொப்புளமும் இருந்தால் அது சொத்தையே. அந்தப் பால் பல் தானாக விழ 10 வயதுக்கு மேலும் ஆகலாம். அதுவரை சீழ் காத்திருக்காது.

வலி நின்றதை நல்ல அறிகுறியாகக் கொள்ள வேண்டாம். பல்லின் உள்ளிருக்கும் நரம்பு செத்துப்போனாலும், சீழ் கொப்புளத்தின் வழியே வெளியேறினாலும் வலி அடங்கிவிடும். கிருமி வேரடியிலேயே இருக்கும். மாத்திரை வீக்கத்தை வற்றச் செய்யுமே தவிர, செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லாததால் மருந்து அங்கே போய்ச் சேராது. அங்கிருந்து இரத்தத்தில் இறங்கும் கிருமிகளை நலமான குழந்தையின் உடல் பெரும்பாலும் அழித்துவிடும். நோய் எதிர்ப்புத் திறன் குன்றிய குழந்தையிடம் அவை பெருகக்கூடும். பிறவி இதயக் குறை உள்ள குழந்தைகளில் சிலருக்கு இதய வால்வில் படிந்துவிடுவதும் உண்டு. உங்கள் மகனுக்கு அத்தகைய குறை இருந்தால், பல்லில் கை வைக்குமுன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இந்த வாரமே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள பல் மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். வேர்ச் சிகிச்சையா, பல்லை எடுப்பதா என்பதை எக்ஸ்ரே பார்த்து அவர் முடிவு செய்வார். எடுக்க நேர்ந்தால், பின்னர் முளைக்கும் பல் கோணாதிருக்க இடம் காக்கும் கம்பி தேவையா என்றும் கேளுங்கள்.

அதற்குள் காய்ச்சலோடு வீக்கம் கண்ணை நோக்கியோ தாடைக்கு அடியிலோ பரவினாலும், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனாலும், மூச்சு வேகமாகிக் குழந்தை துவண்டு கிடந்தாலும், விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐ அழையுங்கள்.