சாய்ந்துவிடும் நோயாளிக்கு எந்தக் குளியல் நாற்காலி?

கேள்வி: கோவைப் பக்கம் சின்ன முதியோர் இல்லம் ஒன்றைக் கவனித்துக்கொள்கிறேன். பக்கவாதம் வந்த இரண்டு பெரியவர்களைச் சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத்தான் குளிப்பாட்டுகிறோம். ஒருவர் ஓரளவு நிமிர்ந்து உட்காருவார். இன்னொருவர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறார். கடையில் சக்கர நாற்காலி, நாலு கால் ஸ்டூல், சுவரில் பொருத்தும் மடக்குப் பலகை என்று காட்டுகிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: முதலில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை இன்றைக்கே குளியலறையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஈர டைல்ஸில் அதன் கால்கள் வழுக்கி விரியும். கவிழ்த்துப் பாருங்கள், கால் சேரும் இடத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால், அங்கேதான் ஒருநாள் உடையும். புதிது வரும்வரை படுக்கையிலேயே துடைத்துவிடுவது மேல்.

சாய்ந்துவிடுகிறவருக்கு ஸ்டூலும் பலகையும் ஆகாது. முதுகுச் சாய்வு, இரு பக்கமும் கைப்பிடி, கால் தட்டு, இடுப்புப் பட்டை எல்லாம் உள்ள சக்கர நாற்காலிதான் அவருக்கு. நடுவில் கமோடு துளை இருப்பதாகவே வாங்குங்கள். கட்டிலிலிருந்து ஒரு தடவை மாற்றினால், கழிப்பறை, குளியல் இரண்டையும் முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம். தூக்கி மாற்றும்போதுதான் நோயாளி விழுவதும், உதவியாளருக்கு இடுப்பு பிடிப்பதும் அதிகம். அதனால் கைப்பிடி மேலே தூக்கும்படியோ கழற்றும்படியோ இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் பக்கவாட்டில் நகர்த்தியே உட்கார வைக்கலாம்.

கடைக்குப் போகும் முன் டேப்பை எடுங்கள். இரண்டரை அடிக் கதவு என்பார்கள், ஆனால் நிலையும் கதவின் தடிமனும் போக உள்ளே கிடைக்கும் வழி அதைவிடக் குறைவு. நாற்காலியின் மிக அகலமான இடம் அதற்குள் நுழைய வேண்டும். குளியலறை வாசலில் படி இருந்தால் சின்னச் சரிவுப் பலகையும் தேவை. வெஸ்டர்ன் கோப்பைமேல் தள்ளி நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கோப்பையின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

குளியலறைத் தரை தண்ணீர் போகும் பக்கம் சரிவாகத்தானே இருக்கும்? நாலு சக்கரத்திலும் பிரேக் வேண்டும். கடையிலேயே ஒருவரை உட்கார வைத்து, பிரேக் போட்டுத் தள்ளிப் பாருங்கள்.

அப்புறம் துரு. பெயிண்ட் அடித்த இரும்புக் குழாய் உள்ளே இருந்தே அரித்துவிடும், வெளியே தெரியாது. அலுமினியம் நல்லது, இல்லையென்றால் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து அது 304 என்று நம்பிவிடாதீர்கள். மலிவான 202 ரகத்திலும் ஒட்டாது, ஆனால் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். ரகத்தையும் தாங்கும் எடையையும் பில்லில் எழுதி வாங்குங்கள். திருகுகள் என்ன ரகம் என்றும் கேளுங்கள், முதலில் துருவேறுவது அவைதான்.

நிமிர்ந்து உட்காருபவருக்கு இவ்வளவு செலவு வேண்டாம். சாய்வும் கைப்பிடியும் உள்ள, கால் நுனியில் ரப்பர் புஷ் போட்ட நாலு கால் நாற்காலி போதும். கூடவே சுவரில் ஒரு பிடிகம்பி. ரப்பர் தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும், அதனால் உபரியாக ஒரு செட் வாங்கி வையுங்கள்.

பெரியவர்களின் மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு உட்பட்டதென்றால், மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தையும் விசாரியுங்கள். 60 வயது கடந்தவர்களுக்கு உபகரணங்கள் இலவசம். கமோடு வைத்த சக்கர நாற்காலியும் பட்டியலில் உண்டு. தண்ணீர் படலாமா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.